இளவட்டக்கல்லிலிருந்து இரும்புத் தட்டு வரை

(இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர், நெய்வேலி)

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் சேர்த்தே போட்டார்கள். "பாய்லர், டர்பைன், கன்வேயர் பெல்ட் எல்லாம் வேண்டாம். எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்க." நெய்வேலியில் குடியிருக்கும் ஒரு மெக்கானிக்கல் ஆளிடம் இப்படிச் சொன்னால் அவன் எதைத்தான் எழுதுவான்? யோசித்துப் பார்த்தேன். சில வருஷங்களாக நம் செட் நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்டது ஒரே கேள்விதான். "வீட்டிலேயே எக்சர்சைஸ் பண்ணணும்னு டாக்டர் சொல்லிட்டார். என்னடா வாங்கலாம்? இரும்பு விஷயம், உனக்குத்தான் தெரியும்."

முப்பதைத் தாண்டி நாற்பதை நெருங்கும் நமக்கு இந்தக் கேள்வி வருவது இயற்கை. காசைக் கொண்டுபோய்க் கடையில் கொட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்து அந்தக் கருவியில் ஈரத் துணி காயப் போடுகிற வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நெய்வேலியில் எந்த வட்டத்துக்குப் போனாலும் அப்படி ஒன்றிரண்டு வராந்தாக்கள் கண்ணில் படும். எதை வாங்குவது என்று முடிவு செய்யும் முன், மனிதன் இதுவரை எதையெல்லாம் தூக்கிப் பார்த்தான், எதை விட்டான், எதை வைத்துக்கொண்டான் என்று தெரிந்துகொண்டால் கடைக்காரர் பேச்சில் எது சரக்கு, எது சாயம் என்று பிரித்துவிடலாம். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். பல நூற்றாண்டுக் கதையில் நாம் பார்க்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்தக் கருவியில் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட முடியுமா?

கல்லைத் தூக்கிய காலம்

தென் மாவட்டத்து நண்பர்களுக்கு இளவட்டக்கல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மந்தையிலோ கோயிலுக்கு முன்னாலோ உருண்டையாக, வழவழவென்று ஒரு கல் கிடக்கும். பிடிக்கக் கைப்பிடி கிடையாது, விளிம்பு கிடையாது. குனிந்து அணைத்து, முழங்காலுக்கு ஏற்றி, தொடையில் தாங்கி, நெஞ்சின் மேல் உருட்டித் தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்பக்கம் போட வேண்டும். இதைத் தூக்குகிறவனுக்குத்தான் பெண் கொடுப்பார்கள் என்பது ஊர்ப் பேச்சு. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலை ஒட்டி இந்தப் போட்டி இந்தக் காலத்திலும் நடக்கிறது. அங்கே 45 கிலோவில் தொடங்கி 129 கிலோ வரை பல எடைகளில் கற்கள் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இளவட்டக்கல் ஒரு பரீட்சை. அதில் பாடம் படிக்க முடியாது. தூக்க முடிந்தவன் தூக்கினான், கைதட்டல் வாங்கினான். முடியாதவன் என்ன செய்வான்? அடுத்த பொங்கலுக்கு வந்தாலும் கல் அதே கல்தான். நடுவில் அவன் உடம்பை வலுப்படுத்தியது ஏர், மண்வெட்டி, ஏற்றம், நெல் மூட்டை. வாழ்க்கையே உடற்பயிற்சிக் கூடமாக இருந்த காலம் அது. அந்த வாழ்க்கை இல்லாத நமக்குக் கல் மட்டும் போதாது.

கடல் கடந்த கர்லா

பாடம் படிக்கிற கருவி என்று நம்மிடம் இருந்தது கர்லாக்கட்டை. பிடி ஒடுங்கி, மறுமுனை பருத்த மரக்கட்டை. கைக்கர்லா, பிடிக்கர்லா, புஜக்கர்லா, குஸ்திக்கர்லா என்று அதில் பல ரகம். தண்டால், பஸ்கி, கர்லா, இந்த மூன்றும்தான் பழைய தாலிம்கானாக்களின் அன்றாடச் சாப்பாடு.

கர்லாவின் சூட்சுமம் எடையில் மட்டும் இல்லை. எடையின் மையம் கையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. அதே 5 கிலோவை உள்ளங்கையில் வைத்தால் சும்மா; ஒன்றரை அடி தள்ளி வைத்துச் சுழற்றினால் தோள்பட்டை பதில் சொல்லியாக வேண்டும். முதல் வருஷம் இஞ்சினியரிங் மெக்கானிக்ஸில் 'மொமன்ட்' என்று படித்தோமே, அதேதான்.

இங்கே வந்த பிரிட்டிஷ் ராணுவத்தார் இதைப் பார்த்துவிட்டுத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். 1834-ல் லண்டனில் டொனால்டு வாக்கர் வெளியிட்ட உடற்பயிற்சிப் புத்தகத்தில் 'இந்தியன் கிளப்' என்ற பெயரில் நம் கட்டை இடம் பிடித்தது. அமெரிக்காவில் சிம் கெஹோ என்பவர் இதைத் தயாரித்து விற்று, 1866-ல் தனிப் புத்தகமே போட்டார். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலும், 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் கிளப் சுழற்றுவது ஒரு போட்டியாகவே நடந்தது. நம் ஊரில் மூலையில் கிடந்த கட்டைக்கு அங்கே பதக்கம்!

தோளின் அசைவுக்கும் பிடிக்கும் கர்லாவைப் போல இன்றும் இன்னொன்று இல்லை. ஆனால் குறை ஒன்று உண்டு. கட்டையின் எடை கூடாது. கை பலமானதும் தச்சரிடம் போய் இன்னொரு பெரிய கட்டை கடைந்து வாங்க வேண்டும்.

சாண்டோவும் சாண்டோ பனியனும்

'டம்பெல்' என்ற சொல்லுக்கு 'ஊமை மணி' என்று பொருள். இங்கிலாந்தில் தேவாலய மணியை அடிக்கக் கயிற்றை இழுப்பது நல்ல உடற்பயிற்சியாக இருந்தது. அதே மாதிரி, மணியே இல்லாமல் ஒரு கருவியைச் செய்து வைத்துக்கொண்டு இழுத்தார்கள். சத்தம் வராத மணி, ஊமை மணி. 1711-ல் ஜோசப் அடிசன் தம் பத்திரிகையில் தாம் ஊமை மணி கொண்டு பயிற்சி செய்வதை எழுதியிருக்கிறார். பிறகு அந்தப் பெயர் கையில் பிடிக்கிற எடைக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

இந்தக் கருவியை உலகம் பூராவும் கொண்டுசென்றவர் யூஜின் சாண்டோ. 1867-ல் பிறந்த ஜெர்மானியர். 1904-05-ல் இந்தியாவுக்கும் வந்து மேடையேறினார். அதன் பிறகு 'சாண்டோ' என்பது நம்மிடம் ஒரு பட்டமாகவே ஆகிவிட்டது. கோயம்புத்தூரில் தேகப் பயிற்சியில் பேர் வாங்கிப் பிறகு படத் தயாரிப்பாளரானவர் 'சாண்டோ' சின்னப்பா தேவர். கை இல்லாத பனியனை இன்றும் கடையில் 'சாண்டோ பனியன்' என்றுதான் கேட்கிறோம். போட்டுக்கொள்கிற பலருக்கு அது ஒரு மனிதரின் பெயர் என்று தெரியாது.

சாண்டோ நல்ல வியாபாரியும்கூட. இரண்டு பாதியாகப் பிளந்து நடுவே ஸ்பிரிங் வைத்த டம்பெல்லைத் தபாலில் விற்றார். விளம்பரத்தில் அவருடைய படம், பார்சலில் ஸ்பிரிங். ஆனால் அவர் உடம்பு அந்த ஸ்பிரிங்கால் வந்ததா என்றால், இல்லை. லூயி அட்டிலா என்ற ஆசிரியரிடம் கனமான எடைகளைத் தூக்கிப் பழகி வந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்த வியாபாரம் மாறவில்லை. பழைய வாரப் பத்திரிகைகளில் 'புல்வொர்க்கர்' விளம்பரம் பார்த்தவர்களுக்கும், இன்று செல்போனில் விளம்பரம் பார்க்கிறவர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: படத்தில் இருக்கிறவர் அந்தக் கருவியில்தான் அந்த உடம்பைப் பெற்றாரா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

நம் பக்கத்திலும் பெரிய ஆட்கள் இருந்தார்கள். அன்றைய சென்னை மாகாணத்தின் விஜயநகரம் பகுதியில் வளர்ந்த கோடி ராமமூர்த்தி, சொந்தமாக சர்க்கஸ் வைத்து வித்தை காட்டிய பலசாலி. பெங்களூரில் கே. வி. ஐயர், ஹெர்குலிஸ் ஜிம்னாசியம் நடத்தியதோடு தபால் வழியாகவும் பாடம் சொல்லிக் கொடுத்தார். சென்னையில் 1920-ல் ஹாரி க்ரோ பக், ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்கு மேலாளராகப் போனவரும் அவர்தான். நாம் பள்ளியில் பி.டி. மாஸ்டர் என்று அழைத்து, பார்த்ததும் ஓடி ஒளிந்தோமே, அந்தப் பரம்பரைக்குத் தொடக்கம் அந்தக் கல்லூரி.

தட்டு வந்தது

இனிமேல்தான் நம் கதையின் முக்கியமான திருப்பம். ஆரம்பத்தில் பார்பெல் என்பது இரண்டு முனையிலும் இரும்புக் குண்டு வைத்த தண்டு. குண்டு வார்த்தது வார்த்ததுதான், எடை மாறாது. ஐந்து எடை வேண்டுமென்றால் ஐந்து பார்பெல். பிறகு குண்டை உள்ளே கூடாகச் செய்து, மணலோ ஈயக் குண்டுகளோ கொட்டி எடையைக் கூட்டினார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆலன் கால்வர்ட் 1902-ல் 'மைலோ பார்பெல்' கம்பெனியைத் தொடங்கி, எடை மாற்றக்கூடிய பார்பெல்லைச் சாதாரண ஜனங்களுக்கு விற்க ஆரம்பித்தார். அடுத்து, குண்டுக்குப் பதிலாக நடுவில் துளை போட்ட தட்டு. போட்டால் ஏறும், எடுத்தால் இறங்கும். எவ்வளவு எளிமையான யோசனை! இதற்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

1928-ல் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து காஸ்பர் பெர்க் இதில் ஒரு நல்ல மெக்கானிக்கல் வேலையைச் சேர்த்தார். தட்டு மாட்டுகிற முனை தண்டோடு ஒட்டாமல் தனியாகச் சுழலும்படி செய்தார். ஏன்? பார்பெல்லை வேகமாகத் தூக்கி மணிக்கட்டைத் திருப்பும்போது, இரண்டு பக்கமும் உள்ள தட்டுகளும் சேர்ந்து திரும்ப மறுக்கும். அந்த முறுக்கு முழுவதும் கையில் விழும். முனை தனியாகச் சுழன்றால் கை தப்பிக்கும். அந்த வருஷம் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பயன்பட்ட அந்த அமைப்பின் வாரிசுதான் இன்றைய போட்டிப் பார்பெல். ஆண்களுக்கு 20 கிலோ தண்டு, 2.2 மீட்டர் நீளம், பிடிக்கிற இடம் 28 மில்லிமீட்டர். பெண்களுக்கு 15 கிலோ, 2.01 மீட்டர், 25 மில்லிமீட்டர். பெரிய தட்டின் விட்டம் 450 மில்லிமீட்டர். 20 கிலோ தட்டு என்றால் 20 கிராம் கூடலாம், 10 கிராம் குறையலாம். அதற்கு மேல் விதி அனுமதிக்காது.

இந்தத் தட்டை வைத்துக்கொண்டு நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1978 எட்மன்டன் காமன்வெல்த் போட்டியில் 52 கிலோ பிரிவில் ஏகாம்பரம் கருணாகரன் தங்கம் வாங்கினார். 2000-ல் சிட்னியில்தான் பெண்கள் பளு தூக்குதல் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அந்த முதல் தடவையே ஆந்திராவின் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோவில் 149, 179 என்று மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கி, 2018-ல் கோல்டு கோஸ்ட்டில் இன்னொரு தங்கமும் வாங்கினார்.

கன்றுக்குட்டியும் ராணுவ டாக்டரும்

கிரேக்கர்களிடம் ஒரு பழங்கதை உண்டு. மைலோ என்ற மல்யுத்த வீரன் ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தோளில் சுமந்தானாம். கன்று நாளுக்கு நாள் வளர, அவன் பலமும் கூடவே வளர்ந்து, கடைசியில் முழு மாட்டையே சுமந்தானாம். கால்வர்ட் தம் கம்பெனிக்கு அந்தப் பெயரை வைத்தது காரணமில்லாமல் இல்லை. 'அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' என்று நம் பாட்டிகள் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

கதையை மருத்துவமாக மாற்றியவர் தாமஸ் டிலார்ம் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் அடிபட்ட சிப்பாய்கள் சிகாகோவில் ஆஸ்பத்திரியில் குவிந்து கிடந்தார்கள். லேசான எடையை நிறையத் தடவை அசைப்பதுதான் அன்றைய வைத்தியம். ஆள் தேற மாதக்கணக்கில் ஆகும். சின்ன வயதில் தமக்கே வந்த வாதக் காய்ச்சலுக்குப் பிறகு எடை தூக்கித் தேறியவர் டிலார்ம். அவர் தலைகீழாக யோசித்தார். பாதத்தில் இரும்புச் செருப்பு மாதிரி ஒன்றைக் கட்டி, பத்துத் தடவை மட்டுமே தூக்க முடிகிற அளவுக்கு எடை போட்டு, பலம் ஏற ஏற எடையையும் ஏற்றினார். ஆட்கள் சீக்கிரம் எழுந்து நடந்தார்கள். 1945-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று எந்த உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போனாலும் 'பத்து பத்தா மூணு செட்' என்கிறார்களே, அந்தக் கணக்கு டிலார்மும் அவர் கூட்டாளியும் எழுதி வைத்ததில்தான் போய் முடியும்.

ஆக, இந்த வித்தையின் உயிர் ஒரே வரியில் அடங்கும்: உடம்புக்குப் பழகிய சுமையை விடக் கொஞ்சம் கூடுதல் சுமை, அது பழகியதும் இன்னும் கொஞ்சம்.

பிறகு இயந்திரங்கள் வந்தன. 1957-ல் ஹெரால்டு ஜிங்கின் 'யுனிவர்சல்' என்ற பல ஆள் பயிற்சி இயந்திரத்தைக் கொண்டுவந்தார். 1970-ல் ஆர்தர் ஜோன்ஸ் 'நாட்டிலஸ்' இயந்திரத்தை விற்க ஆரம்பித்தார். கை மடங்கும்போது ஒரு கோணத்தில் நமக்குப் பலம் அதிகம், ஒரு கோணத்தில் குறைவு. அதற்கேற்ப சுமையும் மாறும்படி, சங்கு வடிவத்தில் ஒரு காம் வைத்தார். அருமையான வடிவமைப்பு. ஆனால் அங்கேயும் அடிப்படை, அடுக்கி வைத்த தட்டில் ஒரு ஊசியைச் செருகி எடையைக் கூட்டுவதுதான்.

நம் நெய்வேலிக்கு வருவோம்

1957 மே 20 அன்று பண்டித நேரு இங்கே சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ல் முதல் மின் உற்பத்தி யூனிட் ஓடத் தொடங்கியது. மண்ணை வெட்ட வந்த பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரைப் பார்க்காதவர்கள் ஒரு தடவையாவது வந்து பாருங்கள். பெரிய மெஷினில்கூட ஒரு பக்கெட்டின் கொள்ளளவு 1400 லிட்டர்தான். ஒரு பக்கெட் மண்ணை வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக் கடித்து, பூமியின் முகத்தையே மாற்றிவிட்டது. டிலார்ம் டாக்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

முதல் தலைமுறை ஊழியர்களுக்கு வேலையே பயிற்சி. ஸ்பேனர், சுத்தியல், மண்வெட்டி, வெயிலில் நடை. நாங்கள் கன்ட்ரோல் ரூமில் திரைக்கு முன்னால் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். பெங்களூரிலும் சென்னையிலும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கும் நம் நண்பர்களும் இதே கேஸ்தான். வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டர் நிரம்பியிருக்கும்போது மொத்தம் சுமார் 30 கிலோ. அதை இரண்டு மாடி ஏற்றிவிட்டு மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இடுப்புப் பிடிப்பு உள்ளவர்கள் சோதிக்க வேண்டாம்!

ஒரு காலத்தில் வீட்டு ஜிம் என்றால் எது தெரியுமா? பால் பவுடர் டின் இரண்டு, ஒரு ஜி.ஐ. பைப், கொஞ்சம் சிமெண்ட் ஜல்லி. டின்னில் கான்கிரீட் ஊற்றி, பைப்பை நட்டு, காய்ந்ததும் மறுபக்கம். பல வீடுகளின் பின்கட்டில் இது இன்றும் கிடக்கும். மதிக்க வேண்டிய முயற்சி. ஆனால் பொறியியல் கணக்குப்படி மூன்று குறைகள் உண்டு. இரண்டு டின்னும் ஒரே எடையாக வாய்ப்பது அபூர்வம். கான்கிரீட்டின் அடர்த்தி வார்ப்பிரும்பில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் எடைக்கு அளவு பெரிதாகிவிடும். மூன்றாவதும் முக்கியமானதுமான குறை, இளவட்டக்கல்லின் அதே குறை: ஊற்றியது ஊற்றியதுதான், கூட்ட முடியாது.

சரி, அப்போ எதை வாங்கறது?

இதுவரை பார்த்ததை வைத்து நீங்களே சொல்லிவிடலாம். முதலில் வாங்க வேண்டியது, தட்டு மாற்றும் டம்பெல் தண்டு ஒரு ஜோடி, கூடவே தட்டுகள். பலர் 5, 10, 15 கிலோ என்று மாற்ற முடியாத டம்பெல் ஜோடிகளை வரிசையாக வாங்கி அழகாக அடுக்கி வைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5-லிருந்து 10-க்குப் போவது நூறு சதவீத உயர்வு. 10-லிருந்து 15-க்கு ஐம்பது சதவீதம். எந்தக் கம்பெனி நமக்கு அப்படி இன்கிரிமென்ட் கொடுத்தது? உடம்பும் கொடுக்காது, தோள்பட்டையில் பிடித்துக்கொள்ளும். தட்டு மாற்றும் தண்டில் பக்கத்துக்கு அரைக் கிலோ கூட்டினால் 10 என்பது 11 ஆகும், அவ்வளவுதான். அதனால் பெரிய தட்டு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. அரைக் கிலோ, 1.25 கிலோ சிறு தட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர், "இது எதுக்கு சார், பொடிசு?" என்பார். சிரித்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போட்டி விதியிலேயே அரைக் கிலோ தட்டு இருக்கிறது.

தட்டை அநேகமாகக் கிலோ கணக்கில்தான் விற்பார்கள். மீரட்டிலிருந்தும் ஜலந்தரிலிருந்தும் வரும் சரக்கு எங்கும் கிடைக்கிறது. வாங்கியதும் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். மேலே 5 என்று எழுதியிருப்பதால் மட்டும் அது 5 ஆகிவிடாது. எடை ஒத்துப்போகிற தட்டுகளாக ஜோடி சேர்த்து, பெயின்டால் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். தண்டும் தட்டும் ஒரே துளை அளவில் இருக்க வேண்டும் என்பதையும் பாருங்கள். சாதாரண வீட்டுத் தண்டுக்கு ஒரு அளவு, போட்டி ரகத்தின் 50 மில்லிமீட்டர் முனைக்கு வேறு அளவு. இரண்டையும் கலந்தால் பணம் வீண்.

இரண்டாவது, ஆடாத ஒரு பெஞ்ச். கடையில் கையால் அழுத்திப் பார்த்தால் போதாது. உட்கார்ந்து, படுத்து, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். வெல்டிங் கால் முழுவதும் சுற்றி ஓடியிருக்கிறதா, புள்ளி புள்ளியாக நிற்கிறதா என்று பார்க்க மெக்கானிக்கல் படித்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் நீளத் தண்டும் ஸ்டாண்டும். ஸ்டாண்டில் இரண்டு பக்கமும் குறுக்கே பாதுகாப்புக் கம்பி இருக்க வேண்டும். வீட்டில் நாம் தனி ஆள். மல்லாந்து படுத்து நெஞ்சின் மேல் தூக்கும்போது கை ஓய்ந்தால், தூக்கிவிடக் கூடத்து நண்பன் கிடையாது. டம்பெல் என்றால் பக்கத்தில் இறக்கிவிடலாம். நீளத் தண்டு நெஞ்சை விட்டு நகராது. கம்பி இல்லாத ஸ்டாண்டில் தனியாகப் படுத்துத் தூக்க வேண்டாம். இதில் சமரசமே கூடாது.

அடுத்தது தரை. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் 40 கிலோ, 1 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றால், தரையில் இறங்கும் சராசரி விசை சுமார் 4 டன் சுமைக்குச் சமம். ரப்பர் மேட்டு அழுங்கி 4 சென்டிமீட்டரில் நின்றால் சுமார் 1 டன். டைல்ஸுக்கும் சிமெண்ட் தரைக்கும் இந்த வித்தியாசம் வாழ்வா சாவா. அதற்கு மேல் நெய்வேலியில் ஒரு தனி நியாயமும் உண்டு: பக்கத்து வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார். இரும்பு விழும் சத்தத்தில் நட்பு உடையும்!

குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுவர் நம்முடையது இல்லை. துளை போட்டு எதையும் மாட்ட வேண்டாம். ஓய்வு பெறும் நாளில் வீட்டை ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் நண்பர்களுக்கும் இதே நிலைமைதான். தட்டையும் தண்டையும் கழற்றிச் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம். பத்து வருஷம் கழித்து விற்றாலும் இரும்பு விலையாவது தேறும். ஒரே மெஷினில் இருபது வகைப் பயிற்சி என்று விற்கிற 'மல்டி ஜிம்' அப்படி இல்லை. உடற்பயிற்சிக் கூடங்களில் இருக்கும் கனமான இயந்திரம் வேறு. அதைப் போல வீட்டுக்கென்று மெல்லிய குழாயில் செய்து விற்பது வேறு. கேபிள் தேயும், கப்பி கிரீச்சிடும், உதிரி பாகம் கிடைக்காது. கடைசியில் ஈரத் துணிதான்.

ஏற்கெனவே ரத்த அழுத்தம், சர்க்கரை, மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முதல் ஒரு மாதமாவது தெரிந்த ஒரு பயிற்சியாளரிடம் தூக்கும் முறையைப் பழகிக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப்பில் வரும் வீடியோ நம் முதுகைப் பார்க்காது.

தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்

இப்போது படிக்கிற தம்பிகளே, தங்கைகளே! ஹாஸ்டல் அறையில் இருக்கும்போதே இதைத் தொடங்கினால் நாற்பது வயதில் எங்களைப் போல டாக்டர் சொல்லித் தொடங்க வேண்டியதில்லை. தண்டால், பஸ்கி இரண்டுக்கும் காலணா செலவில்லை. "பொண்ணுங்களுக்கு எதுக்கு வெயிட்டு?" என்று யாராவது கேட்டால் மல்லேஸ்வரியின் பெயரைச் சொல்லுங்கள். வயதானபின் எலும்பு தேய்கிற தொல்லை பெண்களுக்குத்தான் அதிகம். எடைப் பயிற்சி எலும்பையும் பலப்படுத்துகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும், பெரியவர்கள் எல்லாரும் வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். தினமும் இரண்டு மணி நேரம் என்று யாரும் சொல்லவில்லை.

"நமக்கெல்லாம் வயசாயிடுச்சுப்பா" என்று சொல்லப் போகும் மூத்த அண்ணன்களுக்கு ஒரு செய்தி. 1990-ல் அமெரிக்காவில் மரியா ஃபியட்டரோன் என்ற டாக்டர், முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார். அவர்களின் சராசரி வயது 90. முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. சிலர் கைத்தடியைக்கூட விட்டார்கள். தொண்ணூறில் முடிகிறது என்றால் நாற்பதிலும் அறுபதிலும் முடியாதா? கழிப்பறையிலிருந்து கையூன்றாமல் எழுவதும், பேரப் பிள்ளையைத் தூக்குவதும், பஸ் படியில் தடுமாறாமல் ஏறுவதும் பலத்தில்தான் இருக்கிறது. அதை இழந்துவிட்டால் மற்றவர் கையை எதிர்பார்க்கிற வாழ்க்கை. வீட்டுக்கு வாங்கும் இந்த இரும்புக்குப் பின்னால் இருக்கும் நிஜமான விஷயம் அதுதான். புஜம் காட்டுவது அப்புறம்.

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையம் 1962-ல் ஓடத் தொடங்கி 2020 செப்டம்பரில்தான் ஓய்வு பெற்றது. அத்தனை வருஷம் அது ஓடியதற்குக் காரணம் தினசரிப் பராமரிப்பும், ஷிப்டுக்கு ஷிப்ட் எழுதிய லாக் புக்கும். உடம்புக்கும் அதே வைத்தியம். ஆகவே கடைக்குப் போகும்போது தண்டு, தட்டு, பெஞ்ச், மேட்டு என்ற பட்டியலோடு ஒரு நோட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு எத்தனை கிலோ, எத்தனை தடவை என்று எழுதுங்கள். அடுத்த வாரம் அரைக் கிலோவாவது, ஒரு தடவையாவது கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால் நீங்கள் வாங்கியது சரியான கருவி.